எளிமை யாருக்கு? டிசம்பர் 25ம் எங்கள் சேரியும்

போன வருடம் டிசம்பர் முதல் ஞாயிறு. எங்கள் சேரிக் கோயிலில் ஐயர் பிரசங்கம் செய்தார். (சி.எஸ்.ஐ. சபையில் பாதிரியாரை இன்றைக்கும் ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுகிறோம். அந்தச் சொல் எங்கள் வாயில் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பது தனியே எழுதவேண்டிய கதை.) கிறிஸ்துமஸ் வியாபாரம் ஆகிப்போய்விட்டது என்றார். துணிக்கடைக்காரனும் கேக் கடைக்காரனும்தான் இயேசுவைக் கொண்டாடுகிறார்கள் என்றார். மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவருக்கு சீரியல் விளக்கு எதற்கு, இந்த வருடம் புதுத்துணி இல்லாமல், நட்சத்திரம் இல்லாமல், எளிமையாகக் கொண்டாடுவோம் என்று முடித்தார்.

பாயில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா என் தொடையைக் கிள்ளிக் கேட்டது.

“இன்னாடி சொல்றாரு ஐயரு? எளிமைன்னா இன்னா?”

“ஆடம்பரம் இல்லாம இருக்கறது, ஆயா.”

“இத்தினி வருசமா நாம இன்னா ஆடம்பரத்துல இருந்தோம்? தொழுவத்துல அவரு ஒரு ராத்திரி படுத்தாரு. நாம பொறந்து வளந்ததே அதுலதான்.”

ஐயர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாதிக்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எளிமை என்ற சொல்லை யார், யாரைப் பார்த்து, எந்த இடத்தில் நின்று சொல்கிறார்கள் என்று கேட்காமல் அதை ஒரு நல்லொழுக்கமாக மட்டும் ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. ஏனென்றால் இந்த நாட்டில் எளிமை எங்களுக்கு ஒரு அறிவுரையாக வரவில்லை. கட்டளையாக வந்தது.

*

1930 டிசம்பர் மாதம். ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் போடக்கூடாது. முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மேல்துணியோ ரவிக்கையோ போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த ஆண்டே தடைகள் பதினொன்றாகக் கூடின. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இந்தப் பட்டியலைத் தன் நூலில் பதிவுசெய்திருக்கிறார்.

படித்துப் பாருங்கள் தோழர்களே. நகை வேண்டாம், நல்ல துணி வேண்டாம், பூ வேண்டாம், பளபளக்கும் பாத்திரம் வேண்டாம். இதைவிட எளிமையான வாழ்க்கையை எந்தத் துறவி வாழ்ந்துவிடப் போகிறார்?

துணியோடு நிற்கவில்லை, சோற்றுக்கும் வந்தது. அம்பேத்கர் 1936இல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தைப் பற்றிச் சொல்கிறார். யாத்திரை போய்வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் ஆட்களுக்கு விருந்து வைத்தார். அதில் நெய் பரிமாறினார். அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான சாதி இந்துக்கள் தடிகளோடு வந்து, சாப்பாட்டை நாசம்பண்ணி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டினார்கள். நெய் வாங்கக் காசு இருந்தாலும் அதைத் தின்னும் தகுதி இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அடிக்க வந்தவர்களுக்கு நெய்யின் விலை பிரச்சினையாக இல்லை. தன்னைப் போலவே இவனும் தின்கிறானே என்பதுதான் பிரச்சினை.

இந்தப் பின்னணியில் பாருங்கள். எங்கள் சேரியில் டிசம்பர் 24 ராத்திரி மூங்கில் குச்சியில் கட்டிய காகித நட்சத்திரம் ஒவ்வொரு கூரைக்கு மேலும் தொங்குகிறது. பிள்ளைகள் புதுத்துணி உடுத்தியிருக்கின்றன. ஆணும் பெண்ணும் தெருத்தெருவாகக் கீதம் பாடிக்கொண்டு போகிறார்கள். வீட்டுக்கு வீடு மாட்டுக்கறி வேகிறது. அதிரசமும் முறுக்கும் தட்டில் வைத்து, அதன்மேல் துணி மூடி, கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். ஊர்த்தெருவில் இருந்து பார்த்தால் அந்த வெளிச்சம் தெரியும். ஊருக்குத் தெரியவேண்டும் என்றேதான் எங்கள் ஆட்கள் நட்சத்திரத்தை உயரமாகக் கட்டினார்கள். பண்டிகை என்பது எங்களுக்கு வெறும் பக்தி இல்லை. நாங்களும் இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் போட்டுச் சொல்வது.

*

இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரிகளுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஸ்காட்லாந்து சுயாதீன சபை மிஷனரிகள். அந்த ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸே கிடையாது. மதச் சீர்திருத்தக் காலத்திலேயே இது வேதத்தில் இல்லாத பண்டிகை என்று ஒதுக்கினார்கள். 1640இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒழித்தது. டிசம்பர் 25 அங்கே பொது விடுமுறை ஆனது 1958இல்தான். இங்கிலாந்திலும் தூய்மைவாதிகள் ஆட்சியில் 1647இல் கிறிஸ்துமஸைத் தடைசெய்தார்கள். அந்த வருடம் கேன்டர்பரி நகரத்தில் கடைகளைத் திறக்கச் சொன்ன மேயருக்கு எதிராக ஜனங்கள் கலகம் செய்தார்கள். வேலைக்காரர்களுக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் பண்டிகை என்றால் ஓய்வு, சாராயம், வயிறு நிறையச் சோறு. அது போனதால் அவர்களுக்குத்தான் நட்டம் அதிகம். இதைச் சரிக்கட்ட மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஓய்வு கொடுக்க நாடாளுமன்றமே உத்தரவு போடவேண்டி வந்தது.

அப்படியானால் எங்கள் கிறிஸ்துமஸ் எங்கிருந்து வந்தது? நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், புதுத்துணி எடுப்பதும், இனிப்புச் சுடுவதும், மேளத்தோடு தெருவில் போவதும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தவை இல்லை. பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் எங்கள் ஆட்கள் செய்ததை எடுத்து மார்கழிக் குளிரில் வைத்துக்கொண்டார்கள். அம்மன் தேர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. அதனால் எங்கள் தெருவில் இருந்தே புறப்படுகிற ஒரு திருவிழாவை உண்டாக்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கே இதற்கும் ஒரு பழி இருந்தது: சோத்துக் கிறிஸ்தவர்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாக மதம் மாறிய தலித்துகளைப் பார்த்து, இவர்கள் ஆத்துமாவுக்காக வந்தார்களா வயிற்றுக்காக வந்தார்களா என்று மிஷனரிகளே சந்தேகப்பட்டார்கள். ரூபா விஸ்வநாத் 2014இல் எழுதிய ‘தி பறையா பிராப்ளம்’ என்ற நூலில் இந்தச் சந்தேகத்தின் அரசியலை விரிவாகப் பார்க்கலாம். பசித்தவன் கேட்கிற சோறு லௌகீகம், வயிறு நிறைந்தவன் கேட்கிற ரட்சிப்பு ஆன்மீகம் என்று பிரித்தது யார்? எளிய கிறிஸ்துமஸ் என்ற பிரசங்கத்துக்குள்ளும் அந்தப் பழைய சந்தேகத்தின் வாடை எனக்கு அடிக்கிறது.

அதே சமயம் எல்லா மிஷனரிகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. செங்கல்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ 1893இல் சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை ஏற்படுத்தி, தலித் கிறிஸ்தவர்களை நிலம் வைத்துப் பயிரிடும் குடிகளாக ஆக்கப் பார்த்தார். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1891இல், செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஒரு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனைகூட மிராசுதாருடையது, நிலம் கேட்டால் மிராசுதார் தடுக்கிறான், கல்யாணச் செலவு போன்றதற்கு வாங்கிய சின்னக் கடனுக்கு ஆளே அடிமைப்படுகிறான் என்று அதில் காட்டினார். அதன் விளைவாகத்தான் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. தமிழகம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவரும் அந்த நிலத்தின் கதை தொடங்கியது எங்கள் செங்கல்பட்டு மண்ணில்தான்.

*

அந்த அறிக்கையில் கடன் பற்றி வருகிற பகுதியைப் படித்தபோது எனக்கு வயிறு பிசைந்தது. நூறு வருடம் கழித்து நாங்களும் அப்படித்தான் போனோம்.

1997. நான் ஆறாம் வகுப்பு. மார்கழி மாதம் எங்கள் பக்கத்தில் கையில் காசு புரளாத மாதம். மழையால் வேலை இருக்காது, சம்பா அறுப்பு தை மாதம்தான். ஆனால் பண்டிகை வந்துவிடும். அந்த வருடம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜரிகை வைத்த சிவப்புக் கவுன் வாங்கியிருந்தது. எனக்கும் அதேதான் வேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் அழுதேன். சூளை மேஸ்திரி அப்போது சேரியில்தான் சுற்றிக்கொண்டிருந்தான். எப்போது வரவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். நைனா நாலாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியது. கவுன் வந்தது. தம்பிக்குச் சட்டை, அம்மாவுக்குச் சேலை, கறி, எண்ணெய், வெல்லம், மிச்சத்தில் பழைய கடன்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் லாரி வந்தது. குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனோம். நைனாவும் அம்மாவும் விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து கல் அறுப்பார்கள். ஈரக்கல்லைக் காயக்காயத் திருப்பிப் போடுவது என் வேலையும் தம்பி வேலையும். ஆறு மாதம் பள்ளிக்கூடம் இல்லை. கணக்கு முடிக்கும்போது முன்பணத்தில் பாதிகூடக் கழியவில்லை என்றார்கள். என் டீச்சர் ஒருத்தி நேரில் வந்து சண்டை போட்டிராவிட்டால் நான் எம்.ஏ. தமிழ் படித்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்தச் சிவப்புக் கவுனை நான் மொத்தம் நாலு தடவை போட்டேன். அதற்கப்புறம் அது சின்னதாகிவிட்டது.

ஐயர் சொன்னதில் பாதி உண்மை என்று நான் சொன்னது இதைத்தான். சந்தை எங்கள் ஆசையைத் தட்டிவிடுகிறது. மேஸ்திரி அதற்குப் பணம் தருகிறான். எங்களுக்கு மறுக்கப்பட்ட கௌரவத்தைக் கடையில் காசுக்கு விற்கிறார்கள், அந்தக் காசு எங்கள் உழைப்பை அடகு வைத்து வருகிறது. ஆண்டைகளுக்கு இந்த சூட்சுமம் எப்போதும் தெரியும். அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய சுயசரிதையில் சொல்கிறார்: கிறிஸ்துமஸில் இருந்து புதுவருடம் வரை அடிமைகளுக்கு விடுமுறை கொடுத்து, குடிக்கவைத்து, ஆடவைத்தது கருணையால் இல்லை, கலகம் வராமல் இருக்கத்தான். அதே விடுமுறையை வேறு மாதிரிப் பயன்படுத்தியவர்களும் உண்டு. 1831இல் ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் என்ற கறுப்பின பாப்டிஸ்ட் ஊழியர், கிறிஸ்துமஸ் முடிந்து கூலி இல்லாமல் வேலைக்குத் திரும்பமாட்டோம் என்று அடிமைகளைத் திரட்டினார். டிசம்பர் 27 அன்று கலகம் வெடித்தது. அவரைத் தூக்கில் போட்டார்கள். ஆனால் 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் போடவேண்டி வந்தது.

ஆக, பண்டிகை சங்கிலியும் ஆகலாம், அதை அறுக்கும் அரமும் ஆகலாம்.

*

எங்கள் சேரி தானாகவே எளிமையாகக் கொண்டாடிய வருடங்களும் உண்டு. யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

1994. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் நடந்தது. அந்த மண்ணில் வைத்த அம்பேத்கர் சிலையை அகற்றினார்கள். அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். எனக்கு எட்டு வயது. நைனாவும் அன்றைக்கு அங்கே போயிருந்தது. ராத்திரி வெகுநேரம் கழித்துச் செருப்பில்லாமல் வந்ததும், அம்மா அதன் காலைக் கட்டிக்கொண்டு அழுததும் ஞாபகம் இருக்கிறது. அந்த டிசம்பரில் சேரியில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். நட்சத்திரம் ஒன்றே ஒன்று, கோயில் வாசலில் மட்டும். கீதம் பாடப் போகவில்லை. இரண்டு பேருக்கும் இரண்டு மெழுகுவத்தி.

ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயர் பைபிளில் இருந்து வந்தது, இன்னொன்று திருப்பதியில் இருந்து. குண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணைக்கு மட்டும் தெரிகிறது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்ட அந்த ஆணை, கிறிஸ்தவனான தலித்தைப் பட்டியல் சாதி இல்லை என்று இன்றைக்கும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது.

2004. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் சேரி உள்ளே தள்ளி இருப்பதால் தப்பித்தோம். சாயங்காலம் பெண்கள் முதல்நாள் ஒரே ஒரு தடவை உடுத்திய புதுத்துணிகளை மூட்டை கட்டிக் கரைக்கு அனுப்பினார்கள். யாரும் தியாகம் என்று பேசவில்லை. “அவுங்களுக்குக் கட்டிக்கத் துணி இல்ல, நம்மகிட்ட கீது” என்றார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு நிவாரணப் பட்டியல் போட்டபோது படகு இழந்தவர்களை எண்ணினார்கள். கரையோரத்தில் மீன் கூடை சுமந்தும் கூலிக்குப் போயும் பிழைத்த தலித்துகள் பல இடங்களில் எண்ணிக்கையிலேயே வரவில்லை.

இன்றைக்கு அதே கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ரிசார்ட்டுகள். என் அக்கா மகன் அப்படி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறான். டிசம்பர் 24 அவனுக்கு லீவு கிடையாது. இருபதடி பிளாஸ்டிக் மரத்துக்கு பஞ்சு ஒட்டிப் பனி செய்வான். போன வருடம் சிவப்பு அங்கி மாட்டிவிட்டு அவனைத்தான் கிறிஸ்துமஸ் தாத்தா ஆக்கினார்கள். வந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கொடுத்தான். விடியற்காலம் வீட்டுக்கு வந்து, “சின்னம்மா, மொத்த ஓட்டல்லயும் நான் ஒருத்தன்தான் கிறிஸ்டியன்” என்று சிரித்தான். எளிய கிறிஸ்துமஸ் பற்றிய பிரசங்கம் நடக்கவேண்டிய இடம் அது. ஆனால் அங்கே எந்த ஐயரும் போய்ப் பேசமுடியாது.

*

டிசம்பர் 25 எங்களுக்கு ஒரே ஒரு நாள் இல்லை. 1927 டிசம்பர் 25 அன்று மகாதில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 தலித்துகள், பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களுமாக, ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அரைப்படி நெல் கூடக் கேட்டதுதான் குற்றம். அதுவும் சோற்றுக்கு ஆசைப்பட்ட கதைதான்.

அந்த மகாத் மாநாட்டின்போது அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். கழுத்திலும் கையிலும் சுமக்கிற கனத்த மலிவான நகைகள் தீண்டாமையின் அடையாளம், கழற்றிப் போடுங்கள் என்றார். சேலையை மற்றவர்களைப் போல முழுசாகக் கட்டுங்கள் என்றார். ஒன்றைக் குறைக்கச் சொன்னார், இன்னொன்றைக் கூட்டச் சொன்னார். அளவுகோல் செலவு இல்லை, சுயமரியாதை. பெண்கள் அன்று ராத்திரியே சேலைக் கட்டை மாற்றிக்கொண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. எளிமையா ஆடம்பரமா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். எது நம்மை நிமிர்த்துகிறதோ அதை வைத்துக்கொள்வோம், எது நம்மை அடகு வைக்கிறதோ அதைக் கழற்றுவோம். எதை, எப்போது என்பதை நாம் முடிவு பண்ணுவோம்.

ஐயர் பிரசங்கம் முடிந்த அந்த ஞாயிறு சாயங்காலம் பெண்கள் கூடினோம். எங்களில் முப்பது பேர் ஜனவரியில் இருந்தே மாதம் நூறு ரூபாய் கிறிஸ்துமஸ் சீட்டு கட்டிவந்தோம். பண்டிகைக்கு முன்பணமோ வட்டிக்கோ யாரும் வாங்கக்கூடாது, முடியாதவர்களுக்குச் சீட்டில் இருந்து கொடுப்பது என்று முடிவானது. துணி கட்டாயம் உண்டு. வண்ணாரப்பேட்டைக்குப் போய் மொத்தமாக எடுத்தோம், விலை பாதிக்குப் பாதி. நட்சத்திரத்தைப் பிள்ளைகள் மூங்கிலும் காகிதமும் வைத்துச் செய்தன. கறி பொதுவில் ஒரே அண்டாவில் வெந்தது. ராத்திரி வெண்மணிக்காக 44 அகல் ஏற்றினோம். ஐயரும் வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது தடவை கறி கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

சாப்பாடு முடிந்ததும் அவரிடம் ஒரு காகிதத்தை நீட்டினோம். எங்கள் ஊரில் கைமாறிப்போன பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களை எழுதி, மீட்டுத் தரச்சொல்லிக் கேட்கிற மனு. சபையின் சார்பாக ஒரு கையெழுத்து போடுங்கள் ஐயரே என்றோம். கமிட்டியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.

நாங்கள் காத்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை மனுநாளுக்குச் செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். ஆயா கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தது. எதுக்கு ஆயா, வெயிலில் நிற்கணும், பழசைக் கட்டிக்கக்கூடாதா என்றேன்.

“நெலம் கேக்கப் போறோம்டி. பிச்சை கேக்கப் போறமாதிரியா போறது?” என்றது.